சிகாகோ ஆய்வும் கம்பத்துக் கடனும்

ரகுராம் ராஜனை ரிசர்வ் வங்கிக் கவர்னராகவே பலர் அறிவர். அது 2013 முதல் 2016 வரைதான். 1991லேயே சிகாகோ பல்கலைக்கழகத்தில் நிதியியல் போதிக்கப் புகுந்த பேராசிரியர் அவர். 1994ல் பீட்டர்சனுடன் சேர்ந்து அமெரிக்கச் சிறு தொழில்களை ஆராய்ந்தார். கண்டதென்ன? தொழில் செய்பவரோடு நெருங்கிப் பழகிய வங்கி தாராளமாகக் கடன் தருகிறது. வட்டி பெரிதாகக் குறைவதில்லை, கடன் கிடைக்கிறது!

தோழர்களே, கம்பம் பள்ளத்தாக்கில் உழைப்பாளியோடு நெருங்கிப் பழகியவன் யார்? வங்கியா? இல்லை, கந்துவட்டிக்காரன்! ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறும் கூலியின் வாசல் அவனுக்குத் தெரியும். வங்கிக்குத் தெரிந்ததெல்லாம் ஜாமீன்.

2003ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. வரவேற்கிறோம். தடை போட்டால் பிள்ளையின் பள்ளிச் செலவு நின்றுவிடுமா?

ராஜன் கவர்னராயிருந்த 2015ல் 10 சிறு நிதி வங்கிகளுக்குக் கொள்கையளவில் அனுமதி கிடைத்தது. போடியிலும் சின்னமனூரிலும் உழைப்பாளியின் வாசலேறிப் பழக அவற்றின் அதிகாரிகள் தயாரா?