முதியவரின் இளைப்பை முதுமை என்று தள்ளலாமா?



நுரையீரல் நோய்களைத் துண்டு துண்டாக நோக்காமல் ஒருங்கிணைந்த முறையில் கண்டறிந்து சிகிச்சை செய்தல் வேண்டும் என்னும் தீர்மானத்தை, 2025 மே மாதம் ஜெனீவாவில் கூடிய 78ஆவது உலக சுகாதார மகாசபையில் முன்னின்று கொண்டுவந்த தேசம் நம் மலேசியா. அதில் எனக்குப் பெருமிதம் உண்டு. ஆயினும் அதன் பலன் பேராக் மாநிலத்துப் பழைய தோட்டங்களின் முதியோரை இன்னும் எட்டவில்லையே என்னும் வேதனையால் இதை எழுதுகிறேன்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில், கமுனிங் போன்ற தோட்டங்களில் பால்மரம் வெட்டியும், ரப்பர்ப் பாளங்களைப் புகைக் கொட்டகையில் உலர்த்தியும், லயத்து அடுப்பில் விறகெரித்தும் ஆயுளைக் கழித்த தலைமுறை இன்று எழுபதைக் கடந்து நிற்கிறது. பீடியும் சுருட்டும் பலருக்குத் துணையாக இருந்தன. 1997, 2015, 2019 ஆகிய ஆண்டுகளின் புகைமூட்டமும் அவர்களை விட்டுவைக்கவில்லை. தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நெஞ்சுக்குள் போன புகையின் விளைவு மட்டும் போகவில்லை.

என் தாய்மாமனுக்குப் பல்லாண்டுகள் இருமல் மருந்தும் நீல நிற இன்ஹேலருமே கிடைத்தன. க்ஷயரோகம் இல்லையென்று சளிப் பரிசோதனை சொன்னதும் விசாரணை முடிந்துவிட்டது. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரிப் பரிசோதனையை ஒருவரும் செய்யவில்லை. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சிய பின்னும், முழு மூச்சாக ஊதும் காற்றில் நூற்றுக்கு 70 பங்குகூட முதல் விநாடியில் வெளிவராவிடில், அது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைச் சுட்டும். ஆரம்ப நிலையில் இதை எக்ஸ்ரே காட்டிக்கொடுக்காது. ஆஸ்துமாவா, அடைப்பு நோயா, இரண்டும் கலந்ததா, அல்லது இருதயப் பலவீனமா என்று பிரித்தறியாமல் தரும் நீல இன்ஹேலர் அப்போதைக்கு ஆசுவாசம் தருமேயன்றி, உள்ளிருக்கும் அழற்சியைத் தணிக்காது.

இந்நோய் ஒரு வைத்தியரால் மட்டும் தீர்வதன்று. சுவாசநோய் நிபுணர், இயன்முறை சிகிச்சையாளர், இன்ஹேலரை உறிஞ்சும் முறையைக் கையைப் பிடித்துக் கற்பிக்கும் மருந்தாளர், உணவு ஆலோசகர், புகைப்பழக்கத்தை விடத் துணைநிற்கும் தாதி ஆகியோர் ஒருவரோடொருவர் கலந்து பேசி முடிவு செய்ய வேண்டும். மூச்சுத் திணறலையும் மருத்துவமனைச் சேர்க்கையையும் குறைப்பதாக நிரூபணமான நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியோ வாரத்திற்கு இருமுறை வீதம் 6 முதல் 8 வாரங்கள் நடைபெறுவது. பஸ் நிறுத்தம் வரை நடப்பதற்குள் மும்முறை நின்று மூச்சு வாங்கும் முதியவரை, இதற்காக ஈப்போவுக்கு வந்து போகச் சொல்வது அதை மறுப்பதற்குச் சமானம். டாக்டர் ஜெயகுமார் தேவராஜ் என்னும் சுவாசநோய் மருத்துவரையே 2008 முதல் 2018 வரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி சுங்கை சிப்புட் என்பதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன்.

சுகாதார அமைச்சு சுங்கை சிப்புட், தாப்பா, கிரிக் மருத்துவமனைகளுக்கு மாதம் ஒருமுறையேனும் முழுக் குழுவையும் ஒரே நாளில் அனுப்ப வேண்டும். அங்கேயே மறுவாழ்வுப் பயிற்சியை நடத்த உள்ளூர்ப் பணியாளரைத் தயார்செய்ய வேண்டும். சளிப் பரிசோதனையைப் போல ஸ்பைரோமெட்ரியும் ஊர்க் கிளினிக்குகளில் கிடைக்க வேண்டும். நோயாளி தம் முழுப் பலத்தோடு ஊதினாலன்றி அப்பரிசோதனை செல்லாது. ஆகவே, தமிழில் சொல்லி ஊத வைக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருப்பதும் அவசியம்.

இங்ஙனம்,
தோட்டத்தில் பிறந்த ஒரு வாசகர்,
ஈப்போ, பேராக்.