பெயர் போட்டுக்கொண்டதுதான் குற்றமா?

'அன்னக்கிளி'யில் உயிரோடிருந்த நாட்டுப்பாடல் '16 வயதினிலே'யில் செத்துப்போனதாக ஒரு விமர்சகர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். 1976-ல் வந்த படத்தில் மண்வாசனையாவது மிச்சமிருந்ததாம். மறு வருஷமே அண்ணன் இளையராஜா மெட்டுப் போட, தம்பி கங்கை அமரன் 'செந்தூரப்பூவே' எழுத, இருவரும் சேர்ந்து கிராமத்துப் பாட்டை நகரத்து வாத்தியக் கோஷ்டியிடம் ஒப்படைத்துவிட்டார்களாம். படித்தவர், பல ஊர் சுற்றியவர், மேற்கோளுக்குப் பஞ்சமில்லாதவர். இருந்தும் நாலு பக்கக் கட்டுரையில் ஒரு வாதம்கூடத் தன் காலில் நிற்கவில்லை.

கலப்படம் என்கிறார். கலப்படத்துக்கு முந்திய சுத்தமான சரக்கை இவர் எந்த ஊரில், யார் வாயில் கேட்டார்? இளையராஜா, கங்கை அமரன் என்ற இந்தப் பண்ணைப்புரத்துச் சகோதரர்களுக்கு மூத்தவரான பாவலர் வரதராசன், ஆர்மோனியத்தை முன்னால் வைத்துக்கொண்டு, நாட்டுப்புற மெட்டு, சினிமா மெட்டு என்று பேதம் பார்க்காமல் எதிலும் அரசியல் சொல் கட்டிக் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளிடம் ஓட்டுக் கேட்டது அவருடைய பாட்டு. அந்தத் தம்பிமார் கூடவே திரிந்து கற்றுக்கொண்ட முதல் பாடமே, மெட்டு என்பது கைமாறும், சொல் மாறும், கேட்கிறவனுக்குத் தக்கபடி வேகமும் மாறும் என்பதுதான். அப்படி வளர்ந்தவர்கள் கோடம்பாக்கத்துக்கு வந்து கெட்டுப்போனார்கள் என்று சொல்ல, வரலாறு தெரியாமல் இருக்க வேண்டும். அல்லது தெரிந்தே மறைக்க வேண்டும். இவருக்கு எது பொருந்தும் என்பதை வாசகரே முடிவு செய்யட்டும்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். எங்கள் செங்கல்பட்டுச் சீமையில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முகவீணைக்குப் பக்கத்திலேயே ஆர்மோனியம் உட்கார்ந்திருக்கும். அது ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த பெட்டி. கட்டியக்காரன் பாரதக் கதையை நடுவில் நிறுத்திவிட்டு, ஊர்ப் பஞ்சாயத்தையும் நேற்று வந்த சினிமாவையும் இழுத்துப் பேசுவான். ஜனம் சிரித்து முடித்ததும் கதை விட்ட இடத்திலிருந்து தொடரும். இந்தக் கூத்தைத் தொன்மம் என்றும் மரபு என்றும் கொண்டாடுகிற விமர்சகர், அதே காரியத்தை ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்த இருவரை மட்டும் ஏன் கூண்டில் ஏற்றுகிறார்?

இனி, இவர் தொடாமல் ஒதுங்கிய ஒரு குடும்பம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர், ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர். அண்ணனோ ஆங்கிலேயர் தம் அரசரை வாழ்த்துகிற மெட்டுக்கே சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது மேதைமை, எனக்கும் அதில் மறுப்பில்லை. அப்படியானால் பண்ணைப்புரத்து அண்ணன் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, தான் பிறந்த ஊரின் தாளத்தோடு இணைத்ததற்குப் பெயர் என்ன? அங்கே வளர்ச்சி, இங்கே கலப்படம் என்று இரண்டு தராசு வைத்திருப்பவர், எந்தத் தராசு எந்தச் சாதிக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் பாதிக் கட்டுரை மிச்சமாகியிருக்கும்.

முரண்பாட்டின் உச்சம் கடைசிப் பக்கத்தில் வருகிறது. நாட்டுப்பாடல் யாருக்கும் சொந்தமில்லை, அது மக்களின் பொதுச்சொத்து என்று ஒரு பத்தி. சகோதரர்கள் தங்களுக்குச் சொந்தமில்லாததை எடுத்துத் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள் என்று அடுத்த பத்தி. யாருக்குமே சொந்தமில்லை என்றால் யாரிடமிருந்து எடுத்தார்கள்? மக்களின் சொத்து என்றால், பண்ணைப்புரத்தில் பிறந்து ஊர் ஊராகப் பாடித் திரிந்தவர்கள் மக்கள் இல்லாமல் வேறு யார்? இங்கேதான் உள்நோக்கம் வெளியே வருகிறது. பெயரில்லாத கிழவன் வயல் வரப்பில் பாடினால் இவருக்குப் பரவசம். பாடியவனுக்கு ஒரு பெயர், ஒரு வாத்தியக் குழு, பதிவு செய்த இசைத்தட்டு, அதில் ஒரு பங்கு என்று வந்துவிட்டால் உடனே தூய்மை ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. பாடியவனின் பெயரை அழிப்பதற்கு இவர் வைத்திருக்கும் நாகரிகமான சொல்தான் 'தூய்மை'.

சினிமா, வாய்மொழிப் பாட்டுகளை எடுத்துக்கொண்டு மூலப் பாடகரைச் சொல்லாமல் விட்டதுண்டு. அந்தக் குறையை நான் மறுக்கவில்லை. அதற்குப் பரிகாரம் விட்டுப்போன பெயரைச் சேர்ப்பது. இருக்கிற பெயரையும் உருவி எறிவதா பரிகாரம்? 2021-ல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டைப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து பாடகர் அறிவு கட்டிய சொற்கள் அவை. மறு வருஷம் இந்த மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, அதற்காகச் சென்னையில் நடந்த தொடக்க விழா மேடையில் அறிவு இல்லாமலே அந்தப் பாட்டு ஒலித்தது. அவர் தன் ஆதங்கத்தைப் பகிரங்கமாக எழுதினார். அந்த விவாதத்தில் ஆளுக்கொரு நியாயம் சொன்னார்கள். ஆனால் கேள்வி எதைப் பற்றியது? பாட்டின் தூய்மையைப் பற்றி அங்கே யாருக்கும் சண்டையில்லை. யார் பெயர் நிற்கிறது என்பதே கேள்வி. நாற்பது வருஷம் கழித்தும் அதே கேள்வி நிற்கிறது. நம் விமர்சகரோ வயலினை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

'செந்தூரப்பூவே' பாடியதற்காக எஸ். ஜானகிக்குத் தேசிய விருது கிடைத்தது. விருதை வைத்து ஒரு பாட்டின் தரத்தை அளக்கச் சொல்லவில்லை. ஆனால், உயிரில்லாதது என்று இவர் தீர்ப்பெழுதிய பாட்டை இன்றைக்கும் நாற்று நடுகிற இடத்திலும் வேனிலும் கல்யாண மண்டபத்திலும் பாடிக்கொண்டிருப்பவர்கள், இவரிடம் அனுமதி கேட்கவில்லை.

மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்கு வாருங்கள். இருளர்கள் மூங்கில் நட்டு, புடவை கட்டிக் கூடாரம் போட்டு, மணலிலேயே கன்னியம்மனைக் கும்பிட்டு, பாடி ஆடுவார்கள். விமர்சகரும் வரட்டும். கைபேசியில் பதிவு செய்கிற ஒவ்வொருவரும், பாடியவரிடம் முதலில் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் இல்லாமல் அந்தப் பாட்டை யாருக்கும் அனுப்பாதீர்கள்.