குளிருக்கும் ஓர் அலுமாரி

கடல் இரையும் ஊர் எங்களுடையது. மார்கழியிலும் தையிலும் வாடைக்காற்றோடு மழை வந்து விழும்போது, தோளில் ஒரு துவாயைப் போர்த்திக்கொண்டு சூடாக ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டால் எங்கள் குளிர் தீர்ந்துவிடும். பனி என்றால் எமக்குப் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. அதன்மேல் சறுக்கி விளையாடுவார்கள் என்று சொன்னால் எங்கள் மூத்தம்மாமார் வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

அப்படியிருந்தும், பாலமுனையில் என் வீட்டு ஆணியொன்றில் பனிச்சறுக்கு வீரன் அணியும் குளிரங்கி ஒன்று தொங்குகிறது. அதன் உட்புறத்தில், இடுப்பைச் சுற்றி இறுகப் பிடிக்கும் ஒரு பட்டி உண்டு; விழுந்தெழும்போது பனித்தூள் உள்ளே புகாமல் காப்பது அது. இடது கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, தீப்பெட்டி அளவில் ஒரு சிறு பையும் உண்டு. மலையுச்சிக்கு ஏற்றிச் செல்லும் கம்பிவண்டியின் அனுமதிச்சீட்டை வைப்பதற்காகத் தைக்கப்பட்டது அது. நான் அதில் பஸ் ரிக்கற்றை வைத்துக்கொள்கிறேன். கழுத்தடியிலுள்ள துணிச்சீட்டில் பாதி வெட்டப்பட்டிருக்கிறது. எஞ்சிய பாதி, அந்த அங்கி இலங்கையில் தைக்கப்பட்டது என்று சொல்கிறது.

இந்த அங்கியை நான் வாங்கியது நுவரெலியாவில், பேல் பஜார் என்று ஊரார் அழைக்கும் கடைவரிசையில். 1977இல் நம் நாட்டின் பொருளாதாரக் கதவுகள் திறக்கப்பட்டன. மறு ஆண்டு கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் எழுந்தது. அன்று முதல் பனியையே கண்டிராத நம் பெண்பிள்ளைகள், பனிநாட்டாரின் உடுப்புகளைத் தைத்து வருகிறார்கள். ஏற்றுமதிக்கு மேல் எஞ்சியவை, ஒரு தையல் கோணியதால் கழிக்கப்பட்டவை, வெளிநாட்டிலிருந்து பொதியாக வந்த பழையவை என மூன்று வழிகளால் இவ்வகைக் குளிராடைகள் நம் சந்தைகளை அடைகின்றன. ஐரோப்பியக் கடையொன்றில் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடிய பொருள், இங்கே ஓர் ஆசிரியனின் சட்டைப் பைக்குள் அடங்கும் விலைக்குக் கிடைக்கிறது. இது நல்ல வாய்ப்பே. ஆயினும் மலிவு என்று நாம் சொல்லும்போது எதைச் சொல்கிறோம் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலில் என் மடமையைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னர், வேறோர் ஊரின் நடைபாதையில், நெஞ்சுப்புறத்தில் பெரிய பெயர் பொறித்த ஓர் அங்கியை வாங்கினேன். பெயரைப் பார்த்தேனேயன்றித் துணியைப் பார்க்கவில்லை. அதை அணிந்து, உள்ளே பருத்திச் சட்டையும் போட்டுக்கொண்டு, நண்பர்களோடு பாவா ஆதம் மலை ஏறினேன். ஏறும்போது வியர்த்தது; பருத்தி அந்த வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டது. 2,243 மீற்றர் உயரத்து உச்சியில் விடியற்காற்று வீசியபோது, ஈரச்சட்டை என் உடற்சூட்டை உறிஞ்சி எடுத்தது. மழைத்தூறலில் அங்கியின் உட்பூச்சு மீன்செதில் போல் உரிந்து கையோடு வந்தது. சூரியோதயத்தைக் காணச் சென்றவன் என் பற்களின் தாளத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அன்று கற்ற பாடம் இது: குளிராடையில் நாம் வாங்குவது துணியையல்ல, துணிக்குள் சிறைப்பட்ட காற்றை. அசையாத காற்றே சூட்டைக் காப்பது. நீரோ காற்றைவிட ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கடத்திவிடும். ஆகவே பனிமலை ஏறுவோர் மூன்று படைகளாக உடுத்துகிறார்கள். உடலை ஒட்டிய படை, வியர்வையைத் தேக்காத கம்பளியோ பொலியெஸ்டரோ ஆகும். நடுவில் காற்றைப் பிடித்துவைக்கும் தடித்த படை. வெளியே காற்றையும் மழையையும் தடுக்கும் மெல்லிய படை. மூன்றையும் ஒரே இடத்தில், ஒரே நாளில், ஒரே பெயரில் வாங்க வேண்டியதில்லை. இதை அறிந்தவனுக்குப் பாதிச் செலவு அப்போதே குறைந்துவிடுகிறது.

கடையில் நின்று சோதிக்கும் வழிகளும் எளியவையே. அங்கியை உட்புறம் வெளியாகப் புரட்டுங்கள். மழைதாங்கும் அங்கியானால் தையல்களின்மேல் ஒரு நாடா ஒட்டப்பட்டிருக்கும். அந்த நாடா எழும்பியிருந்தாலோ, உட்பூச்சு பிசுபிசுத்தாலோ, எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள். துணியில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள்; உங்கள் மூச்சு மறுபுறம் வந்தால் மலைக்காற்றும் வரும். இறகு அடைத்த அங்கியைக் கையில் கசக்கி விடுங்கள். உடனே பூரித்து எழுந்தால் நல்லது, கட்டி கட்டியாகக் கிடந்தால் அதன் உயிர் போய்விட்டது. நனைந்த இறகு சூடு தராது என்பதையும் மனத்திற் கொள்ளுங்கள். மழை மிகுந்த நம் மலைநாட்டுக்கு அதைவிட ஃபிளீஸ் துணியே ஏற்றது. சிப்பை முழுவதும் இழுத்து மூடித் திறந்து பாருங்கள். வெட்டப்பட்ட துணிச்சீட்டு குறையன்று. கூட்டம் அலைமோதும் சித்திரை வசந்தகாலத்தைத் தவிர்த்து மற்ற நாட்களில் போனால், கடைக்காரருக்கும் பேச நேரமிருக்கும், உங்களுக்கும் பொறுமையிருக்கும்.

பேரம் பேசக்கூடாத பொருள்களும் உண்டு. தலைக்கவசமும் ஏறுகயிறும் பழையனவாக வாங்கத் தகாதவை. ஒருமுறை அடிபட்ட தலைக்கவசம் வெளியே பழுதின்றித் தோன்றும். உள்ளே தன் கடமையை முடித்திருக்கும். உயிரைத் தொங்கவிடும் பொருளுக்கு மலிவு பார்த்தல் அறிவாகாது.

ஃபிளீஸ் துணியைப் பற்றி இங்கே ஒரு செய்தி. 1979இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்து மோல்டன் மில்ஸ் ஆலையில் அது உருவாயிற்று. அந்தத் துணிக்கு ஆலையார் காப்புரிமை பெறாதிருந்தனர். அதனால் உலகெங்கும் எவரும் நெய்யலாயிற்று, விலை இறங்கிற்று, ஏழையின் தோளுக்கும் அது வந்து சேர்ந்தது. அதே ஆலை 1995 டிசம்பரில் தீக்கிரையானபோது, அதன் உரிமையாளர் ஆரன் ஃபோயர்ஸ்டைன் வேலையற்றிருந்த தொழிலாளருக்குத் தொடர்ந்து சம்பளம் கொடுத்தார். மலிவான பொருளின் பின்னால் எப்போதும் மலிவான மனம்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

இவ்வளவும் வாங்குபவனுக்குரிய பேச்சு. வாங்க முடியாதவளைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும்.

ஒரு தை மாதம், கடலோரப் பாடசாலையொன்றின் மாணவர்களோடு நான் நுவரெலியாவுக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கும் சென்றிருந்தேன். அந்நாட்களில் அங்கே விடியற்காலத்தில் புல்வெளி வெண்ணிறமாக உறைந்து கிடப்பதுண்டு. 'உலக முடிவு' என்னும் செங்குத்துப் பள்ளத்தாக்கைப் புகார் மூடுவதற்கு முன்னர் காணவேண்டுமென்றால் இருளிலேயே புறப்பட வேண்டும். பிள்ளைகள் இறங்கினார்கள். ஒரு சிறுமி மட்டும் பஸ்ஸிலேயே இருந்தாள். மெல்லிய பாடசாலைச் சீருடைமேல் உம்மாவின் சால்வை ஒன்று.

"இறங்கல்லயா மகள்?" என்றேன்.

"நான் இங்கேயே இருக்கன் சேர். எனக்குக் குளிராது. ஆனா எனக்கு அதப் பாக்க ஆசையில்ல" என்றாள்.

ஆசையில்லாத பிள்ளை ஏன் கண்ணாடியில் படிந்த நீராவியைக் கையால் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தது? என் அங்கியைக் கழற்றி நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டாள். ஆசிரியரின் அங்கியைப் போட்டுக்கொண்டு நாற்பது பேரின் முன்னே நடப்பது அவளுக்குக் குளிரைவிடக் கொடியதாயிருந்தது. அவளுடைய வாப்பா பயணத்துக்கான பணத்தைக் கட்டவே சிரமப்பட்டவர் என்பதைப் பின்னர் அறிந்தேன். ஐந்து நிமிட நடைத்தூரத்தில் இருந்த வெண்பனியை, பதுளை வழியாக நீண்ட பாதை கடந்து வந்த அந்தப் பிள்ளை தொட்டுப் பார்க்கவில்லை.

இப்போது மலிவு என்னும் சொல்லுக்குத் திரும்புவோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து வந்தபோது, இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். உலகம் இரங்கியது, உடுப்புகள் மலைபோல் வந்தன. அவற்றுள் தடித்த குளிர்காலக் கோட்டுகளும் கம்பளித் தொப்பிகளும் குதியுயர்ந்த செருப்புகளும் இருந்தன. கொடுத்தவர் கைகள் வாழ்க. அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால் உச்சி வெயிலில், கூடாரத்தின் வாசலில், யாரும் தொடாமல் கிடந்த அந்தக் கோட்டுகளைவிட விலையுயர்ந்த பொருளை நான் கண்டதில்லை. இலவசமாக வந்த அவை ஒருவருக்கும் உதவவில்லை. உரிய பொருள், உரிய வேளையில், உரிய உடம்பைச் சேர்வதே மலிவு. சேராதது எவ்வளவு குறைந்த விலையாயினும் வீண்செலவே.

இவ்வளவில் பார்த்தால், என் வீட்டு ஆணியில் தொங்கும் அங்கியும் வீண்செலவுதான். ஆண்டின் முந்நூற்று அறுபத்தைந்து நாட்களில் அது மூன்று நாள் என்னைக் காக்கிறது. மற்ற நாட்களில் கரப்பானைக் காக்கிறது.

பனிநாட்டார் இந்தக் கணக்கை நம்மைவிட நன்கு போட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குளிர்காலம் தொடங்கும் வேளையில், பாடசாலைகளும் கழகங்களும் பழைய சறுக்குக் கட்டைகளையும் காலணிகளையும் அங்கிகளையும் கைமாற்றும் சந்தைகளை நடத்துகின்றன. வளர்ந்த பிள்ளைக்குச் சிறுத்துப்போனது வளரும் பிள்ளைக்குப் போகிறது. நோர்வே நாட்டில் விளையாட்டுக் கருவிகளையும் வெளியுலாப் பொருள்களையும் இலவசமாக இரவல் கொடுக்கும் நிலையங்கள் பல ஊர்களிலும் உள்ளன. காத்மண்டு நகரின் தமேல் கடைத்தெருவில் இறகு அங்கியும் உறங்குபையும் நாள் வாடகைக்குக் கிடைக்கும். நம்மூர் இளைஞர் பலர் உழைக்கும் டுபாயில், 2005இல் திறக்கப்பட்ட உள்ளரங்கப் பனிமலையில்கூட, நுழைவுச்சீட்டோடு அங்கியும் காற்சட்டையும் காலணியும் தந்தே உள்ளே விடுகிறார்கள். செல்வம் கொழிக்கும் நாட்டார் இரவலில் இழிவு காணவில்லை. நாம் மட்டும் ஏன் காணவேண்டும்?

ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பாடசாலைதோறும் நூல்களுக்கு ஓர் அலுமாரி வைத்திருக்கிறோம். குளிருக்கும் ஓர் அலுமாரி வைப்போம். முப்பது அங்கிகள், அத்தனை கம்பளித் தொப்பிகள், கையுறைகள், இவ்வளவு போதும். ஒரே நாளில் வாங்க வேண்டாம்; மலைநாட்டுக்குப் போய்வரும் ஒவ்வொருவரும் மேற்சொன்ன சோதனைகளைச் செய்து இரண்டொன்றாக வாங்கி வரலாம். வெளிநாட்டிலிருந்து வந்தோர் வீடுகளில் ஆணியில் தொங்குபவற்றைக் கேட்டுப் பெறலாம். வடக்கே ஒலுவிலில் பல்கலைக்கழகமும் தெற்கே அட்டாளைச்சேனையில் கல்வியியற் கல்லூரியும் இருக்க, அவற்றின் மாணவர்களும் கைகொடுத்தால், ஒரு கரையின் பல பாடசாலைகளுக்கு ஒரே அலுமாரி சுற்றிவரக்கூடும். இரவல் பெற்றவர் துவைத்து, வெயிலில் உலர்த்தி, திருப்பித் தரவேண்டும். ஏட்டில் பெயர் எழுதவேண்டும். சிப்பு அறுந்தால் மனையியல் வகுப்பில் அதையே பாடமாக்கித் தைக்கவேண்டும்.

தொலைந்துவிடாதா என்பர் சிலர். நூல்களும் தொலைகின்றன, அதற்காக நூலகத்தை மூடினோமா? இரவல் உடுப்பு பிள்ளைகளுக்கு வெட்கம் தராதா என்பர் வேறு சிலர். இது நியாயமான கேள்வி. அதற்கு விடை ஒன்றே: ஏழைப் பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் வெட்கம் தரும், எல்லோருக்கும் கொடுத்தால் தராது. அதிபரின் பிள்ளையும் மீனவரின் பிள்ளையும் ஒரே அலுமாரியிலிருந்து எடுத்து உடுத்தட்டும். அன்று அந்தச் சிறுமி என் அங்கியை மறுத்தது அது இரவல் என்பதனாலன்று. அவள் ஒருத்திக்கு மட்டும் நீட்டப்பட்டது என்பதனாலேயே. இதை விளங்கிக்கொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

என் அங்கியை நான் துவைத்து வெயிலில் போட்டிருக்கிறேன். அலுமாரி ஒன்று எங்கே திறக்கப்படுகிறதோ அங்கே அது முதலாவதாகப் போகும். கையிலுள்ள சிறு பையில் ஒரு பஸ் ரிக்கற் கிடக்கலாம். எடுத்துக்கொள்ளும் பிள்ளை அதை எறிந்துவிட்டுத் தன்னுடையதை வைத்துக்கொள்ளட்டும்.