முதலில் பில்டர், பிறகு மீன்

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு மீன் தொட்டி கட்டினால் அதற்குள் கிட்டத்தட்ட 680 லீற்றர் தண்ணி நிற்கும். கண்ணாடிக்கும் மேசைக்கும் மீனுக்கும் காசைக் கொட்டிவிட்டு, மிஞ்சினதில் பில்டர் வாங்குவதுதான் எங்களில் கனபேரின் வழக்கம். இந்த வரிசை தலைகீழாக வேணும் எண்டு நாங்கள் நினைக்கிறோம்.

பில்டர் எண்டால் ஊத்தையை அரிக்கிற சாமான் மட்டும் இல்லை. மீன் வெளியேற்றும் அமோனியா நஞ்சு. பில்டருக்குள் குடியிருக்கும் பக்டீரியாக்கள்தான் அதை நைத்திரைற்றாகவும், பிறகு ஆபத்துக் குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அவை பெருக நாலைந்து கிழமை எடுக்கும். தண்ணி தெளிவாக இருக்கு எண்டு பார்த்து நம்பேலாது. அதிலும் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணத்துத் தண்ணி காரமானது. காரம் கூடக்கூட அமோனியாவின் நச்சும் கூடும்.

இவ்வளவு பெரிய தொட்டிக்கு மூடின கனிஸ்டரா, கீழே திறந்த தொட்டியாக வைக்கிற சம்பா? எங்கட நாட்டுக்குச் சம்ப்தான் சரி. காரணம் கரண்ட். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை ஆரும் மறந்திருக்க மாட்டினம். பக்டீரியாக்களுக்கு ஒட்சிசன் வேணும். கரண்ட் நிண்டால் மூடின கனிஸ்டருக்குள் அது சில மணித்தியாலத்தில் தீர்ந்துபோகும். கரண்ட் வந்ததும் உள்ளே பழுதான தண்ணி நேரே மீனிட்டப் போகும். சம்ப் திறந்து கிடப்பதால் அந்த ஆபத்து குறைவு. மீனுக்கு மட்டும் பற்றரியில் ஓடுகிற ஒரு காற்றுப் பம்ப் வைத்தால் சரி. செலவும் குறைவு: பழைய மூன்றடித் தொட்டி, உள்ளே கண்ணாடித் தடுப்பு, பஞ்சு, சட்டி தேய்க்கிற பிளாஸ்டிக் நார்.

சம்ப் நிரம்பி வீடெல்லாம் தண்ணியாகும் எண்டு பயப்படுகிறவை இருக்கினம். பயம் நியாயமானது, ஆனால் வழி இருக்கு. மோட்டர் நிண்டதும் மேலேயிருந்து இறங்குகிற தண்ணிக்குச் சம்பில் இடம் விடவேணும். மேலே போகிற குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்ன ஓட்டை போட்டால், மட்டம் இறங்கினதும் அது காற்றை இழுத்துத் திரும்பி வருகிற ஓட்டத்தை நிறுத்தும்.

மோட்டர் மணித்தியாலத்துக்கு ஐந்து தரமாவது தண்ணியைச் சுற்றவேணும், அதாவது 3400 லீற்றர். பெட்டியில் எழுதியிருப்பது தண்ணியை உயர்த்தாமல் ஓடும் கணக்கு. நாலடி உயர்த்தும்போது நல்லாக் குறையும். அதால் ஒருபடி பெரிசா எடுங்கோ. பஞ்சைக் கழுவும்போது குளோரின் போட்ட குழாய்த் தண்ணி வேண்டாம், தொட்டித் தண்ணியே போதும்.

எந்தப் பில்டரும் நைத்திரேற்றை முழுசா அகற்றாது. தண்ணி மாற்றத்தான் வேணும். யாழ்ப்பாணத்தின் பல கிணறுகளில் உரத்தால் வந்த நைத்திரேற்று ஏற்கெனவே இருக்கு. சம்புக்குள் மணி பிளான்ட் வேரை விட்டால் கொஞ்சம் உறிஞ்சும்.

கடையில் இரண்டு அங்குலத்தில் வாங்குகிற ஒஸ்கார் ஒரு அடிக்கு வளரும், பல வருசம் வாழும். காசு காணாட்டா தொட்டியைச் சின்னதாக்குங்கோ, மீனைக் குறையுங்கோ. பில்டரில் மிச்சம் பிடிக்காதேங்கோ.