பின்னே நிற்கும் பிள்ளை

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருப்பதுண்டு. ஞாயிறு திருப்பலிக்குப் புறப்படும் அவசரத்தில் பின்வாசல் வழியே காரைப் பின்னோக்கி எடுப்போம். தெருவில் குந்தி விளையாடும் பிள்ளை கண்ணாடியில் தெரியாது. 2002-இல் அமெரிக்காவில் குழந்தை மருத்துவர் ஒருவர், தம் இரண்டு வயது மகன் பின்னே நிற்பதறியாது வண்டியைப் பின்னுக்கு எடுத்தார், மகன் இறந்தான். அக்குழந்தையின் பெயரால் 2008-இல் எழுந்த சட்டத்தின் பயனாக, 2018 மே முதல் அங்கே புதிய கார்களில் பின்புறக் காமிரா கட்டாயமாயிற்று. நம் நாட்டில் 2019 ஜூலை முதல் ஒலியெழுப்பும் சென்சார் இருந்தாலே சட்டத்துக்குப் போதும்.

காமிரா பழுதானால் வெளிக்கடையில் வேறு வாங்கிப் பொருத்துவதில் தவறில்லை. முதலில், பின்கதவுக் கீலருகே செல்லும் கம்பியைப் பாருங்கள். திறந்து மூடி அங்கேதான் பெரும்பாலும் அறுகிறது. கம்பி சரியாயிருந்தால் மட்டுமே புதியது வாங்குங்கள். முன்புறத்துக்கான காமிராவைப் பின்னே மாட்டிவிட்டால், இடப்புறம் நிற்கும் பிள்ளை திரையில் வலப்புறம் தோன்றும்! ஆகவே மெக்கானிக்கை அனுப்புமுன், பம்பருக்கருகே இடப்புறமாக ஒரு குடத்தை வையுங்கள். திரையிலும் அது இடப்புறமே தெரிந்தால் கூலியைக் கொடுங்கள்.