பிஸ்கட் டின்னில் கிடக்கும் வரலாறு

நம்மவர் வீடுகளில் செல்லாத காசை யாரும் வீசி எறிவதில்லை. லட்சுமியைக் குப்பையில் போடலாமா என்று கேட்பார்கள். ஆனால், அதைப் பேணுவதும் இல்லை. ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டுச் சாமி மேடைக்கு அடியிலோ, அலமாரியின் மேலோ தள்ளிவிடுவார்கள். எறியவும் மாட்டோம், எடுத்துப் பார்க்கவும் மாட்டோம் என்ற இந்த நிலை நம் குடும்ப வரலாற்றை மெல்ல மெல்ல அழித்துக்கொண்டிருக்கிறது என்பதே என் கருத்து.

எங்கள் குனோங் ராபாட் வீட்டிலும் அப்படியொரு டின் உண்டு. தாத்தா தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். தோட்டத்தை விட்டு வந்தபோது தட்டுமுட்டுச் சாமான்களோடு அதுவும் வந்தது. பிறகு கப்பலில் வேலை செய்த சித்தப்பா துறைமுகம் துறைமுகமாகக் கொண்டு வந்த சில்லறையும் அதில் சேர்ந்தது. கடந்த விடுமுறையில் கொட்டி எண்ணினேன், 214 காசுகள். "எடைக்குப் போட்டா என்ன வரும்?" என்றார் பெரியப்பா. "புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும்" என்றார் அத்தை. இரண்டுமே அன்போடு சொல்லப்பட்டவைதாம். இரண்டுமே கூடாதவை.

புளியை முதலில் பார்ப்போம். குத்துவிளக்குக்குப் புளி நல்லது. செப்புக் காசுக்கு அது எமன். புளியிலுள்ள அமிலம், காலம் படிய வைத்த பழுப்பு நிறத்தை அரித்து எடுத்துவிடும். அந்தப் பழுப்பு அழுக்கு அன்று. உலோகத்தைக் காக்கும் தோல். தேய்த்த காசின் மதிப்பு சேகரிப்பாளரிடம் சரிந்துவிடும். போன தோல் திரும்பாது.

அடுத்த எதிரி நாம் நன்கறிந்த ரப்பர். காசுகளை அடுக்கி ரப்பர் வளையம் போட்டு வைப்பது வழக்கம். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். அந்தக் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். தாத்தாவின் உழைப்பில் வந்த வெள்ளிக் காசில் அவர் வெட்டிய பாலின் வாரிசே கறை பூசியிருக்கிறது! மெத்தென்ற பிவிசி நெகிழி உறைகளும் ஆபத்தானவை. சில ஆண்டுகளில் அவற்றிலிருந்து கசியும் பொருள், பச்சைப் பிசினாகக் காசில் ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் ஒட்டிய அட்டைச் சட்டங்களே பாதுகாப்பானவை, விலையும் அதிகமில்லை. சட்டத்தை மூடும் பின் ஊசியைக் குறட்டால் தட்டையாக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த காசைக் கீறும். நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால், இறுக மூடும் பெட்டியும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் அவசியம். காசை எப்போதும் விளிம்பில் பிடித்தே தூக்க வேண்டும்.

இவையெல்லாம் கைவேலை. எதன்படி பிரிப்பது என்பதுதான் உண்மையான சிக்கல். நாடு, மதிப்பு, ஆண்டு என்ற வரிசையில் அடுக்குவதே சேகரிப்பாளர் வழக்கம். ஆனால், எது நாடு? நான் தேசிய இடைநிலைப்பள்ளியில் 'நெகிரி-நெகிரி செலாட்' என்று மனனம் செய்த நீரிணைக் குடியேற்றங்கள் இன்று எந்த வரைபடத்திலும் இல்லை. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவற்றை உள்ளடக்கிய அந்த அரசில் பேராக் சேரவில்லை. எனினும், அதன் சதுரச் செப்புக் காசுகள் பேராக்கிலும் செல்லுபடியாயின. 1939 முதல் 'மலாயா' என்று பொறித்த காசுகள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியரின் வாழைமர நோட்டு. 1953 முதல் 'மலாயாவும் பிரிட்டிஷ் போர்னியோவும்'. 1967 முதல் மலேசியா. 1935இல் பிறந்து கிந்தா பள்ளத்தாக்கை விட்டு வெளியேறாத ஒருவர்கூட ஐந்து அரசுகளின் பணத்தைக் கையாண்டிருப்பார்! நாம் வேறு நாடு போகவில்லை. நாடுகள் நம் தோட்டத்தைக் கடந்து போயின.

இன்றும் நாம் ரிங்கிட்டை 'வெள்ளி' என்கிறோம். மலாயாவின் சில்லறைக் காசுகளில் வெள்ளி நின்று, செப்பும் நிக்கலும் கலந்தவை வந்தது 1948இல். உலோகம் போய்விட்டது, சொல் நம் நாவில் நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னைக்காக 1803இல் இங்கிலாந்தில் அடித்த செப்புக் காசுகளில் 'கேஷ்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அது நம் 'காசு' போர்த்துகீசியர் வாய்வழி உருமாறி வந்த சொல். இலங்கை, சிங்கப்பூர்க் காசுகளில் தமிழ் எழுத்தே இருக்கிறது. இவற்றைக் கண்டும் ஒரு மொழிக்கழக மாணவன் எடைக்குப் போட ஒப்புவானா?

எங்கள் டின்னில் துளையிட்ட இந்திய ரூபாய் ஒன்றும், மஞ்சள் துணியில் முடிந்த காசு ஒன்றும் கிடந்தன. கடைக்காரர் கண்ணில் துளையிட்ட காசு பழுதான காசு. நமக்கோ அது யாரோ ஒரு பாட்டியின் கழுத்தில் கிடந்த காசு. முடிந்து வைத்த காசு, நிறைவேறாத ஒரு வேண்டுதல். யார் நோயில் கிடந்தபோது முடிந்தது? எந்தக் கோயிலுக்கு? சொல்லக் கூடியவர் பாட்டி ஒருவரே. அவர் மறைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. துணி ஈரம் இழுக்கும், காசுக்குக் கேடு என்று தெரிந்தும் நான் முடிச்சை அவிழ்க்கவில்லை. தனிப் பையில், தனிக் குறிப்போடு வைத்திருக்கிறேன். அந்த முடிச்சைவிட அந்தக் காசு பெரிதன்று.

ஆகவே நான் சொல்வது இதுதான். பெட்டியில் நாடு, ஆண்டு வரிசையிலேயே அடுக்குங்கள், தேட எளிது. ஆனால், ஒவ்வொரு சட்டத்திலும் ஓர் எண் எழுதி, அதே எண்ணை ஒரு நோட்டுப் புத்தகத்திலும் எழுதுங்கள். யார் கொண்டு வந்தது, எங்கிருந்து, யார் சொன்னது என்று மூன்று வரி போதும். விலைப் பட்டியலை எவரும் தயாரிப்பார்; அந்த மூன்று வரியை உங்கள் வீட்டாரைத் தவிர வேறெவரும் எழுத முடியாது.

சிறு காசால் என்ன ஆகும் என்பவர்களுக்கு ஒரு சான்று. சங்ககால மன்னர்கள் சொந்தமாக நாணயம் வெளியிடவில்லை என்றே அறிஞர் பலர் கருதியிருந்தனர். 1980களில் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஒரு பழங்காசில் 'பெருவழுதி' என்ற பெயரைத் தமிழ் பிராமி எழுத்தில் படித்துக் காட்டினார். பாண்டியர் வரலாற்றின் ஒரு பக்கம் திருத்தி எழுதப்பட்டது. அவர் அந்தக் காசை எடை போட்டுப் பார்த்ததோடு நிற்கவில்லை; படித்தார்.

காலம் வேகமாகக் கழிகிறது. கிரிஸ் பொறித்த ஒரு ரிங்கிட் நாணயம் 2005 டிசம்பரில் செல்லாமல் போனபோது நான் நடை பழகிக்கொண்டிருந்தேன். 2008 ஏப்ரலில் கடைகளில் ஒரு சென்னும் ஓய்ந்தது. நாளை இவையும் தம்பி தங்கைகளுக்குப் புரியாத வட்டங்கள் ஆகும். தோழர்களே, அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது டின்னைத் திறப்பதற்கு முன் தாத்தா பாட்டியின் பக்கத்தில் போய் உட்காருங்கள். காசு காத்திருக்கும்; அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.