ஆசைக்கும் சாதி உண்டு

“பெரியவனாகி என்ன ஆகப் போறே?” பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கிற கேள்விதான். கேட்கிறவர்கள் நல்ல மனசோடதான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே ஒரு அனுமானம் உட்கார்ந்திருக்கிறது. நீ இன்னும் எதுவாகவும் ஆகவில்லை, இனிமேல்தான் ஆகப் போகிறாய் என்பதுதான் அது. சாதிச் சமூகத்தில் இது யாருக்குப் பொருந்தும்? சக்கிலியக்குடியில் பிறந்த பிள்ளையை ஊர் ஏற்கனவே என்னவோ ஆக்கி வைத்துவிட்டது. அவன் என்ன வேலை செய்யணும், எங்கே நிக்கணும், யாரை எப்படிக் கூப்பிடணும் என்பதெல்லாம் அவனுக்குப் பல் முளைக்கும் முன்னாடியே தீர்மானமாகிவிட்டது. அவனிடம் போய் என்ன ஆகப் போறே என்று கேட்பது, கட்டிப் போட்டவனிடம் எந்த ஊருக்குப் பயணம் என்று கேட்கிற மாதிரி.

சின்ன வயசு ஆசை நிலைக்காது, வயசு ஏற ஏற மாறும், அது இயற்கை என்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். விமானம் ஓட்ட நினைத்தவர் பேங்க் மேனேஜர் ஆனார், டாக்டராக நினைத்தவர் சினிமா எடுக்கப் போனார் என்று கதை கதையாய்ச் சொல்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் மாறுவது வேறு, மாற்றப்படுவது வேறு. பிடிக்காமல் விட்டதற்கும் கையிலிருந்து பிடுங்கப்பட்டதற்கும் ஒரே பெயர் வைக்க முடியாது. எங்க சனங்க கதையில் முக்காவாசி இந்த ரெண்டாவது வகை.

நாகலாபுரம் சுத்துப்பட்டுக் கரிசக்காட்டையே எடுத்துக்கொள்வோம். நான் பிறந்து வளர்ந்த பூமி. வானத்தைப் பார்த்து விதைக்கிற மண். மல்லி, மிளகாய், உளுந்து, கம்பு. மழை ஏமாத்திவிட்டால் வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம். 1970களில் நான் படித்த தொடக்கப்பள்ளியில் இந்தக் கேள்வியைக் கேட்டபோது எங்க குடிப் பையன்கள் பலபேர் சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான்: கண்டக்டர். நானும் அதைத்தான் சொன்னேன். வாத்தியார் சிரித்தார். இதென்ன சின்ன ஆசை, கலெக்டர்னு சொல்லக்கூடாதா என்றார்.

சின்ன ஆசையா அது? எங்க அய்யா தெருவில் நடந்தால் துண்டு இடுப்பில் இருக்கணும், செருப்பு கையில் இருக்கணும். தான் தைத்த செருப்பைத் தானே கையில் தூக்கிக்கொண்டு நடந்த மனுசன். எதிரே வருகிறவர் எத்தனை வயசாக இருந்தாலும் ‘சாமி’. அந்தச் சாமி அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் ஒரு அதட்டு அதட்டுவார்: “படியில நிக்காதீங்க, உள்ள ஏறுங்க.” சாமி உள்ளே ஏறுவார். காசு கை மாறும், டிக்கெட்டு கை மாறும். யாரும் தூக்கிப் போட்டு வாங்குவதில்லை. விசில் ஊதினால் வண்டி நிற்கும், இன்னொரு தரம் ஊதினால் கிளம்பும். நாங்கள் ஆசைப்பட்டது சம்பளத்துக்கு இல்லை, அந்த அதட்டலுக்கு. அதிகாரத்தின் வாசனையை எங்கே மோந்தோமோ அங்கேதானே ஆசை பிறக்கும்? கலெக்டரை நாங்கள் பார்த்ததே கிடையாது. பார்க்காத வேலைக்கு எப்படி ஆசைப்படுவது? மாமா டாக்டர், சித்தப்பா வக்கீல், தாத்தா தாசில்தார் என்று இருக்கிற வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டுத் தட்டு முன்னாடியே பத்து வேலைகள் நடமாடுகின்றன. அவன் கனவு பெரிதாக இருப்பதற்குக் காரணம் மூளை இல்லை, முற்றம்.

அந்தப் பஸ்ஸுக்கும் சாதி உண்டு என்று 1997இல் காட்டினார்கள். விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கவர்னகிரிக்காரர், கட்டபொம்மனோடு நின்று வெள்ளைக்காரனை எதிர்த்து உயிரைக் கொடுத்தவர். ஒரு தலித்தின் பெயர் எழுதின பஸ்ஸில் கால் வைக்க மாட்டோம் என்று ஆதிக்க சாதிகள் கிளம்பின. கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லா மாவட்டங்களுக்கும், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயர்களையே மொத்தமாக எடுத்துவிட்டது. ஒரு தலித் பெயரை ஒட்டி வைப்பதைவிட எல்லாப் பெயரையும் துடைப்பது சுலபமாக இருந்தது. பஸ்ஸின் நெற்றியிலேயே எங்க பெயர் ஆகாது என்றால், அந்தப் பஸ்ஸுக்குள்ளே விசில் ஊத ஆசைப்பட்ட பிள்ளைக்கு ஊர் சொன்ன செய்தி என்ன?

சரி, கண்டக்டர் வேண்டாம். ஆபீஸ் வேலை? அதுக்குத்தான் எங்க பக்கத்துப் பிள்ளைகள் பத்து வயசிலேயே போனார்களே! கோவில்பட்டி வட்டாரத்தில் யாரும் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டார்கள். ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்பார்கள். விடியுமுன்னே ஆபீஸ் பஸ் ஊருக்குள் வந்து ஆரன் அடிக்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தாய்மார் தூக்குச்சட்டியோடு ஏத்திவிடுவார்கள். கட்டை அடுக்கணும், பெட்டி ஒட்டணும், லேபிள் ஒட்டணும். எண்ணிக்கைக்குத்தான் கூலி. வீட்டில் முன்பணம் வாங்கியிருந்தால் அது தீருகிறவரை பிள்ளை ஆபீஸுக்குச் சொந்தம். இங்கேயே பிறந்து இந்தக் கொடுமையைக் கண்ணால் கண்ட எழுத்தாளர் பூமணி ‘கருவேலம் பூக்கள்’ என்று இதைப் படமாகவே எடுத்தார்.

சட்டம் வந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி வேலையைப் பிள்ளைகளுக்குத் தடை செய்த வேலைகளின் பட்டியலில் சேர்த்தது. 1996 டிசம்பரில், சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி.மேத்தா போட்ட வழக்கில், ஆபத்தான வேலையில் பிள்ளையை வைத்திருந்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்டணும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நல்லதுதான். மதிய உணவும், சட்டமும், பெற்றவர்களின் பிடிவாதமும், பிறகு வந்த எந்திரங்களும் சேர்ந்து பிள்ளைகளை அந்தப் பஸ்ஸிலிருந்து இறக்கின. ஆனால் 1986 சட்டத்திலேயே ஒரு சந்து விட்டிருந்தார்கள். குடும்பமே சேர்ந்து நடத்துகிற பட்டறைக்குத் தடை கிடையாது என்றார்கள். வேலை வீட்டுத் திண்ணைக்கு வந்தது. 2016இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 14 வயசுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்து குடும்பத் தொழிலில் ஒத்தாசை செய்யலாம், அது ஆபத்தான தொழிலாக இல்லாவிட்டால் போதும் என்று மறுபடியும் அதே சந்தைத் திறந்தார்கள்.

‘குடும்பத் தொழில்.’ இந்தச் சொல்லைக் கவனியுங்கள். சாதி என்கிற சொல்லுக்கு வேட்டி சட்டை மாட்டிவிட்டால் குடும்பத் தொழில் ஆகிவிடும்.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தை நம் மக்கள் குலக்கல்வி என்று சரியாகவே பெயர் சொல்லி அடித்தார்கள். பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் பெற்றவர்கள் செய்கிற தொழில். செருப்புத் தைக்கிறவன் மகன் மத்தியானம் எங்கே இருக்கணும் என்பதை அரசாங்கமே சொல்லிவிட்டது. பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்து நின்றதில் ராஜாஜி பதவியைவிட்டு இறங்கினார். 1954இல் காமராசர் அந்தத் திட்டத்தை எடுத்தார். அத்தோடு செத்தது என்று நினைத்தோம். 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 18 தொழில்கள். அதில் செருப்புத் தைக்கிறது உண்டு, முடி வெட்டுறது உண்டு, துணி வெளுக்கிறது உண்டு, விளக்குமாறு கட்டுறது உண்டு. குடும்ப வழியாகச் செய்துவருகிற தொழிலாக இருக்கணும் என்றார்கள். வயசு 18 ஆனால் போதும் என்றார்கள். 18 என்பது என்ன வயசு? காலேஜ் வாசலில் நிற்கிற வயசு. அந்த வயசில் கடன் தருகிறேன், உன் அப்பன் தொழிலுக்குத் திரும்பு என்று சொல்வதற்குப் பெயர் உதவியா? தமிழ்நாடு அரசு 2024இல் இதை ஏற்க மறுத்தது. குடும்பத் தொழில் என்கிற நிபந்தனையை எடுக்கணும், வயசை 35 ஆக்கணும் என்று கேட்டது. பிறகு அந்த நிபந்தனை இல்லாமல் தனித் திட்டம் கொண்டுவந்தது. இந்த அளவில் வரவேற்கலாம்.

குடும்பத் தொழிலைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் எங்க அய்யா கதையைக் கேட்கணும். அவர் கமலைக்குத் தோல் தைத்தார், செருப்புத் தைத்தார். கிணறுகளில் பம்புசெட் வந்தது, கமலை ஒழிந்தது. கடைகளில் ரப்பர் செருப்பு வந்தது, ஊசிக்கும் வாருக்கும் வேலை ஒழிந்தது. அய்யாவின் தொழில் அவர் கண் முன்னாடியே செத்துப் போச்சு. சாதி செத்ததா? இல்லையே! தைக்கத் தோல் இல்லாத காலத்திலும் அவர் சக்கிலியனாகத்தான் இருந்தார். டீக்கடையில் அவருக்குத் தனிக் கிளாசுதான். தொழிலால் சாதி வந்தது என்று இன்னமும் விளக்கம் சொல்கிற ஆய்வாளர்கள் இதற்குப் பதில் சொல்லணும். சாதி வேலையைப் பிரிப்பது மட்டுமில்லை, வேலை செய்கிற மனுசர்களையே பிரித்துப் படிக்கட்டாக அடுக்குவது என்று அம்பேத்கர் 1936லேயே சொல்லிவிட்டார். எங்க தெருவில் அதற்குச் சாட்சி எங்க அய்யா.

“நல்லாப் படிச்சா எல்லாம் சரியாப் போயிரும்” என்று அடுத்த புத்தி சொல்வார்கள். படித்தவர்களைப் பார்ப்போம். அம்பேத்கரைவிடப் படித்தவர் யார்? பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்டவரைப் பாரசீகம் படிக்க வைத்தார்கள். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசு வேலைக்குப் போனவருக்கு அந்த நகரத்தில் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. ஆபீஸ் பியூன் கோப்பைக் கையில் தராமல் தூக்கி எறிந்தான். வேலையை விட்டுவிட்டு வந்தார். இதையும் ‘வேலை மாற்றம்’ என்று எழுதுவார்களோ?

எங்க மாவட்டத்துக் கொடியங்குளத்தை எடுங்கள். வெளிநாடு போய்ச் சம்பாதித்து, பிள்ளைகளைப் படிக்க வைத்துத் தலை நிமிர்ந்த ஊர். 1995 ஆகஸ்ட் 31ஆம் தேதி போலீஸ் உள்ளே புகுந்தது. வீடுகளை உடைத்தது மட்டுமா? பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழையும் தேடிப் பிடித்து அழித்தார்கள். ஒரு பிள்ளையின் கனவு எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று லத்திக்குத் தெரிந்திருந்தது. ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத்தாளனாக ஆசைப்பட்ட ரோஹித் வெமுலாவை 2016 ஜனவரியில் இழந்தோம். பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்த அரியலூர் குழுமூர் அனிதா, மூட்டை தூக்குகிற தகப்பனின் மகள், டாக்டர் ஆகணும் என்று உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றது. 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அந்தப் பிள்ளையும் போய்விட்டது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சை எழுதப் போன பதினொன்றாம் வகுப்புத் தலித் மாணவனைப் பஸ்ஸிலிருந்து இழுத்துப் போட்டுக் கைவிரலை வெட்டினார்கள். கபடியில் ஜெயித்ததுதான் குற்றம் என்று வீட்டார் சொன்னார்கள். வெட்டினவனுக்குத் தெரியும், பேனா பிடிப்பது எது என்று.

இப்படிச் சொன்னால் உடனே ஒரு ஆளைக் கூட்டிவந்து காட்டுவார்கள். “இவரும் உங்காள்தான், கலெக்டர் ஆகலையா?” ஒருத்தர் ஆனது சந்தோசம். ஆனால் அந்த ஒருத்தர் கதையைக் காட்டி மிச்சம் ஆயிரம் பேரிடம் “உனக்கு முயற்சி பத்தாது” என்று சொல்கிற தந்திரம் இருக்கிறதே, அதை நாம் அனுமதிக்கக்கூடாது. நான் நில அளவைத் துறையில் சர்வேயர். அப்படி ஒரு வேலை இருப்பதே சின்ன வயசில் எனக்குத் தெரியாது. அரசு விடுதியில் சோறு தின்று படித்தேன். இட ஒதுக்கீட்டில் பரீட்சை எழுதி வந்தேன். என் திறமையால் மட்டும் வந்தேன் என்று மார் தட்ட மாட்டேன், இட ஒதுக்கீட்டில் வந்தேன் என்று குனியவும் மாட்டேன். அது என் உரிமை. முப்பது வருசமாக அடுத்தவன் நிலத்தைச் சங்கிலி பிடித்து அளந்து கல் ஊன்றிக் கொடுக்கிறேன். அளக்க எங்க சனங்களுக்கு நிலம் எங்கே என்பது தனிக் கட்டுரைக்குரிய கேள்வி.

2009இல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. மாநிலங்கள் இப்படி உள் ஒதுக்கீடு தரலாம் என்று 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இதை வைத்து நம்மை நாமே அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. கடைசிப் பந்திக்குக்கூட இலை போடப்படாதவனுக்கு ஒரு இலை போடுகிறார்கள், அவ்வளவுதான். உண்மையான ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. பந்தியையே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நிரந்தர வேலை ஒப்பந்த வேலையாகிறது. ஒப்பந்தக்காரன் இட ஒதுக்கீடு பார்ப்பதில்லை. ஆனால் குப்பை அள்ளுவதற்கு மட்டும் எந்தத் தெருவில் ஆள் எடுக்கணும் என்று அவனுக்கும் தெரியும். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்து போராடியது எதற்காக? தனியாரிடம் தள்ளாதே, வேலையை நிரந்தரமாக்கு என்பதற்காக. ராத்திரியில் வந்து கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். அந்தத் தாய்மார்களில் எத்தனை பேர் சின்ன வயசில் டீச்சர் ஆகணும், நர்ஸ் ஆகணும் என்று சொல்லியிருப்பார்கள்? அவர்களிடம் இதை யாராவது கேட்டார்களா?

நாம் கேட்க வேண்டியது இவை. நிரப்பாமல் கிடக்கிற பின்னடைவுக் காலியிடங்களை நிரப்பு. ஒப்பந்த வேலையிலும் தனியார் வேலையிலும் இட ஒதுக்கீடு கொடு. விடுதிகளுக்கு 2025இல் சமூக நீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். பெயரோடு நிற்காதே, நூலகமும் பாடம் சொல்லித்தர ஆளும் கொடு. மலமும் குப்பையும் அள்ள எந்திரம் கொண்டுவா, அந்த எந்திரத்தை ஓட்டும் நிரந்தர வேலையை எல்லாச் சாதிக்கும் பொதுவாக்கு. அது பொதுவாகிற அன்றைக்குத்தான் அதற்குச் சம்பளமும் உயரும், மரியாதையும் உயரும்.

நமக்குள்ளே செய்யவும் வேலை இருக்கிறது. அரசு வேலையில் இருக்கிற நம்மாட்கள் லீவுக்கு ஊருக்கு வந்தால் பொங்கலும் கறியும் தின்றுவிட்டுப் போகாமல், ஒரு சாயங்காலம் பிள்ளைகளோடு உட்காரணும். சர்வேயர் என்றால் என்ன, அக்கவுண்டண்ட் என்றால் என்ன, ஆய்வகத்தில் என்ன நடக்கிறது, எந்தப் பரீட்சைக்கு எப்போது மனுப்போடணும் என்று பேசணும். கருவிகளைக் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லணும். போன வருசம் எங்க காலனியில் ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை என் அளவைச் சங்கிலியை இழுத்துப் பார்த்துவிட்டு, “மாமா, இத வச்சு மொதல்ல நம்ம சுடுகாட்டுப் பாதைய அளந்து குடுங்க” என்றது. அந்தப் பிள்ளைக்கு யாரும் கனவு காணக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பாதையில் கிடக்கிற முள்ளைத்தான் நாம் வெட்டணும்.